கைப்பேசி வழி பிள்ளைக்கு வரும் துன்பம்: பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். செம்பனைக் காட்டில் பாம்பு தீண்டிவிட்டால், கட்டுப் போட்டு இறுக்கக் கூடாது, கத்தியால் கீறக் கூடாது, ஆளை அதிகம் அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இன்று நம்மில் பலருக்குத் தெரியும். பதற்றத்தில் செய்யும் தப்பான வைத்தியம், விஷத்தோடு சேர்ந்து இன்னொரு கேடாக முடியும் என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டோம்.

இந்த மாதம் நாம் பேசப் போவதும் ஒருவகை விஷக்கடிதான். ஆனால் காயம் கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசி வழியாக எவனோ ஒருவன் நம் பிள்ளையோடு பழகி, படம் வாங்கி, பிறகு மிரட்டுகிறான். அல்லது கூடப் படிக்கும் பிள்ளைகளே கூட்டம் சேர்ந்து கேலி செய்து, அதை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். பிள்ளைக்குத் தூக்கம் போகிறது, சாப்பாடு போகிறது, படிப்பு போகிறது. சில வேளைகளில் உயிரே போகிறது. அதனால்தான் இது உடல்நலப் பகுதியில் வருகிறது.

முதலில் விஷயம் தெரியவரும் இடம் பல சமயம் பள்ளிக்கூடமாக இருக்கும். அங்கே முதல் நாளில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பிள்ளை மீள்வதும் மேலும் நொந்து போவதும் அமையும். பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தால்தான், "ஏன் இதைச் செய்யவில்லை?" என்று கேட்கவும் முடியும்.

லயத்து வீட்டுக்குள் எப்படி வந்தது?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, வீட்டிலிருந்தே பாடம் என்றார்கள். அதுவரை அப்பாவின் சட்டைப் பையில் இருந்த கைப்பேசி பிள்ளையின் கைக்குப் போனது. கடன் வாங்கியும் தவணையில் எடுத்தும் போன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. படிப்புக்காகக் கொடுத்தோம், அதில் தப்பில்லை. பள்ளி மறுபடி திறந்தது. போன் மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

நம் தோட்டங்களில் தாய் தகப்பன் இருவரும் விடியுமுன் பெரட்டுக்குப் போகிறோம். பள்ளி விட்டு வரும் பிள்ளை, நாம் வேலை முடிந்து வரும்வரை தனியாக இருக்கிறது. கையில் போன், காதில் பாட்டு. அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் கெட்ட எண்ணத்தோடு அலைபவனுக்கு வசதியான நேரம்.

அவன் முதல் நாளே அசிங்கமாகப் பேசுவதில்லை. விளையாட்டில் கூட்டாளியாகச் சேர்வான். "தம்பி, உனக்கு டைமண்ட் டாப்-அப் பண்ணித் தாரேன்" என்பான். பெண் பிள்ளையாக இருந்தால், தானும் படிவம் மூன்றில் படிப்பதாகச் சொல்லி, வேறு ஒருத்தியின் படத்தைப் போட்டிருப்பான். வீட்டுக் கதையைக் கேட்பான். "உங்க அம்மா ஏசுனாங்களா? பாவம் நீ" என்று பரிவு காட்டுவான். பிறகு பொதுவான குழுவிலிருந்து தனிப் பேச்சுக்கு இழுப்பான். "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்பான். இந்த ரகசியம்தான் தூண்டில் முள். ஒரு படம் அனுப்பிய மறுநாளே குரல் மாறும். "இன்னொன்னு அனுப்பு, இல்லன்னா உங்க ஸ்கூல் குரூப்புல போட்டுடுவேன்" என்று மிரட்டல் வரும். ஆண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் பணம் கேட்பான். ஆண் பிள்ளைக்கு இப்படி நடக்காது என்று யாரும் எண்ண வேண்டாம்.

இது எங்கோ நடப்பது அல்ல. யுனிசெஃப், எக்பாட், இண்டர்போல் ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து மலேசியாவில் நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 4 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கோ கொடுமைக்கோ ஆளாகியிருந்தனர் என்று அது கூறியது. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் ஏறக்குறைய 1 லட்சம் பிள்ளைகள். வெளியே சொன்னவர்கள் மிகக் குறைவு. செய்தவன் எப்போதும் முன்பின் தெரியாதவனும் அல்ல. தெரிந்தவன், உறவுக்காரன் என்று பலர் இருந்தார்கள்.

உடம்பில் தெரியும் அடையாளங்கள்

பிள்ளை வாயால் சொல்லாததை உடம்பு சொல்லும். காரணமில்லாமல் வயிற்றுவலி, தலைவலி. இரவில் தூக்கம் இல்லை. நிறுத்திய வயதுக்குப் பிறகு மறுபடி படுக்கை நனைத்தல். சாப்பாட்டை ஒதுக்குதல். போன் அடித்தால் முகம் வெளுத்தல், நாம் பக்கத்தில் போனால் திரையை மறைத்தல். திங்கட்கிழமை காலையில் "ஸ்கூலுக்குப் போகலம்மா" என்று அடம். வகுப்பில் திடீரென்று மதிப்பெண் சரிதல். கையில் புதிதாகக் கீறல்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலே இதுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. குடற்புழுவாலும் வயிறு வலிக்கும். ஆனால் இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து வந்தால், ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

பள்ளியில் முதல் மணி நேரம்

ஒரு மாணவி வகுப்பாசிரியையிடம் வந்து, "டீச்சர், ஒருத்தர் என் படத்த வச்சிக்கிட்டு மெரட்டுறாரு" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆசிரியை செய்ய வேண்டியது இதுதான்.

முதலில், கேட்க வேண்டும். குறுக்கே பேசாமல், முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். "ஏன் அனுப்புன?" என்ற கேள்வி அந்த நேரத்தில் வரவே கூடாது. "நீ சொன்னது நல்லது கண்ணு. தப்பு உன்மேல இல்ல" என்ற இரண்டு வாக்கியம் போதும்.

இரண்டாவது, பொய் வாக்குக் கொடுக்கக் கூடாது. "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் பிறகு சொன்னால், பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. "உன்னக் காப்பாத்த யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன்" என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விசாரணை நடத்தக் கூடாது. வகுப்பாசிரியை ஒருமுறை, ஒழுங்கு ஆசிரியர் ஒருமுறை, தலைமையாசிரியர் ஒருமுறை என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் புண்ணைக் கிளறுவதாகும். பிற்பாடு வழக்கு வரும்போது, "இங்கே ஒன்று சொன்னாள், அங்கே ஒன்று சொன்னாள்" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளவும் இடமாகும். பிள்ளைகளிடம் வாக்குமூலம் வாங்கப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் போலீசில் இருக்கிறார்கள். வீடியோவில் பதிவு செய்து, அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க 2007-ஆம் ஆண்டின் சிறுவர் சாட்சியச் சட்டம் வழிசெய்கிறது. விசாரணையை அவர்களிடம் விட வேண்டும்.

நான்காவது, பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையொப்பமிட வேண்டும். ஆசிரியை தன் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது.

ஐந்தாவது, அந்தப் படத்தைப் பார்க்கவும் கூடாது, தன் போனுக்கு மாற்றவும் கூடாது. "ஆதாரத்துக்காக" ஆசிரியர் புலனக் குழுவில் போடுவது பெருந்தவறு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் சட்டப்படி குற்றம். பேச்சுப் பதிவையும் அழிக்கக் கூடாது. போனை அப்படியே எடுத்துவைத்து, பெற்றோர் வழியாகப் போலீசிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஆறாவது, அன்றைக்கே தலைமையாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பார். நம்முடைய சின்னத் தமிழ்ப்பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லாமலும் இருக்கலாம். அங்கே, இப்படிப்பட்ட விஷயத்தைக் கவனிப்பவர் இன்னார் என்று முன்கூட்டியே ஒருவரைக் குறிப்பிட்டு வைக்க வேண்டும். யாரிடம் போவது என்று பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோரை அழைப்பதில் கவனம்

பெற்றோருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது என்பது முக்கியம். வெட்டுக் காட்டில் நிற்கும் தகப்பனுக்கு போன் போட்டு, "உங்க மக அசிங்கமா படம் அனுப்பியிருக்கா, உடனே வாங்க" என்றால், அவர் கையில் அரிவாளோடு ஓடி வருவார். "பிள்ளை நல்லா இருக்கு. ஒரு காரியமா நேர்ல பேசணும், அம்மாவும் நீங்களும் வாங்க" என்றால் போதும். வந்த பிறகு, பிள்ளையைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டுப் பெற்றோரிடம் முதலில் பேச வேண்டும். வீட்டில் அடி விழாது என்று உறுதி வாங்கிய பிறகே பிள்ளையை அவர்களோடு அனுப்ப வேண்டும்.

துன்பம் கொடுத்தவன் வீட்டில் உள்ள ஒருவனாக இருந்தால், அவனை அழைத்துப் பேசக் கூடாது. நேரே போலீசுக்கும் சமூக நல இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பள்ளி செய்யக் கூடாதவை

"பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப் போயிரும்" என்று மூடி மறைப்பது முதல் குற்றம். சபைகூடலில் பிள்ளையின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அடையாளம் தெரியும்படி பேசுவது இரண்டாவது. போனைக் கொண்டுவந்தாள் என்று பிள்ளையைத் தண்டிப்பது மூன்றாவது. போன் விதியை மீறியது வேறு விஷயம். அதற்குப் பிரம்பைத் தூக்கினால், அடுத்த பிள்ளை வாயைத் திறக்காது. மிரட்டியவனும் மிரட்டப்பட்டவளும் ஒரே பள்ளியென்றால், இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கை குலுக்கச் சொல்லிச் சமாதானம் செய்து வைப்பது நான்காவது. பாதிக்கப்பட்ட பிள்ளையை வேறு பள்ளிக்கு மாறச் சொல்வது ஐந்தாவது.

பிள்ளை வழக்கம்போல் வகுப்புக்கு வர வேண்டும். கூட உட்காரும் தோழி, ஓய்வு நேரத்தில் ஒரு கண் வைக்கும் ஆசிரியை, அழுகை வந்தால் போய் உட்கார ஓர் இடம் ஆகிய மூன்றும் ஒரு காசு செலவில்லாமல் எந்தப் பள்ளியும் செய்யக் கூடியவை.

படம் மற்ற மாணவர்களிடம் பரவியிருந்தால், "காட்டு பார்ப்போம்" என்று ஆசிரியர்கள் கேட்டுப் பார்க்கக் கூடாது. யார் யாரிடம் போயிருக்கிறது என்று பெயர் எழுதிப் போலீசிடம் கொடுக்க வேண்டும். வேறொருவருக்கு அனுப்பினால் அதுவும் குற்றம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தப்புச் செய்தவன் சிறுவனாக இருந்தால் அவனும் ஒரு பிள்ளைதான். அவனுக்குக் கண்டிப்பும் ஆலோசனையும் தேவை. அதற்காக விஷயத்தை விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது.

குற்றம் சாட்டப்படுபவர் பள்ளி ஊழியராக இருந்தால் உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கும் வேலையே கூடாது. ஆசிரியர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் இக்குற்றத்தைச் செய்தால் சட்டம் கூடுதல் தண்டனை விதிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹக்கிள் என்பவன் நம் நாட்டுக்கு வந்து, ஏழைக் குடும்பங்களோடு பழகி, ஆங்கிலம் சொல்லித் தருவதாக நம்ப வைத்துப் பல ஆண்டுகள் பிள்ளைகளைச் சீரழித்தான். அந்தப் படங்களை இணையத்தின் மறைவிடங்களில் பரப்பினான். 71 குற்றங்களை ஒப்புக்கொண்ட அவனுக்கு 2016 ஜூனில் இலண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனை விதித்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் இங்கே 2017-இல் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் வந்தது.

இச்சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரும் சிறார்தான். பிள்ளையோடு பாலியல் பேச்சுப் பேசினாலே 3 ஆண்டு வரை சிறை. கெட்ட எண்ணத்தோடு பழகி வசப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். அப்படி வசப்படுத்திய பின் நேரில் சந்தித்தால் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். படத்தை வைத்து மிரட்டுவதும், பிள்ளையைக் கொண்டு நேரலையில் ஆபாசம் காட்டுவதும் 2023-இல் செய்த திருத்தத்தில் தனிக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன.

பள்ளிக்கூடங்கள் மறக்கக் கூடாத ஒரு பிரிவு 19-ஆம் பிரிவு. இந்தக் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். இது தலைமையாசிரியருக்கும் பொருந்தும், அண்டை வீட்டுக்காரருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். "பெரிய இடத்துல சொல்லிக்கிறேன்" என்று தள்ளிப் போட யாருக்கும் உரிமையில்லை. 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி ஆகியவற்றை வெளியிடுவதும் குற்றம்.

கேலியும் வசவும் சின்ன விஷயமல்ல. 2024 ஜூலையில், டிக்டாக்கில் தொடர்ந்து இழிவாகப் பேசப்பட்ட நம் சமூகத்துப் பெண் ஒருவர் கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்குக் கிடைத்தது 100 வெள்ளி அபராதம். நாடே கொதித்தது. அதன்பின் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025-இல் நடப்புக்கு வந்தன.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளையை அடிக்காதீர்கள். போனைச் சுவரில் அடித்து உடைக்காதீர்கள், ஆதாரம் அதில்தான் இருக்கிறது. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அவன் விடமாட்டான், மேலும் கேட்பான். அவனோடு பேச்சை நிறுத்துங்கள். அவனுடைய பெயர், எண், கணக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள்.

எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எழுத வராவிட்டால் வாயால் சொன்னால் போதும், அவர்கள் எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையொப்பம் போடுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உடலில் பாதிப்பு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே சிகிச்சை, மருத்துவச் சோதனை, ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும்படி தனி ஏற்பாடு உண்டு.

படத்தை இணையத்திலிருந்து எடுக்கவும் வழி உண்டு. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023-இல் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஓர் எண்ணை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்துத் தங்கள் தளங்களில் அதே படத்தைத் தேடி நீக்குகின்றன. எல்லாத் தளங்களும் அதில் சேரவில்லை என்றாலும், பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

வருமுன் காக்க

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாம் நான்கு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் பள்ளியில் பொறுப்பாளர் யார்? என்ன செய்வது என்று எழுதிவைத்த நடைமுறை இருக்கிறதா? ஆசிரியர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் கொடுத்தாகிவிட்டதா? வகுப்புப் புலனக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளைகளின் படங்களை யார் போடுகிறார்கள்?

கூட்டத்தை வேலை நாளில் காலை 10 மணிக்கு வைத்துவிட்டு, "தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று சொல்வது நியாயமில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பில் எரிவது குறையும். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, தமிழில் விளக்கும்படி கூட்டம் வைக்கக் கேளுங்கள். புகார் கொடுக்கப் போவதற்கு விடுப்பு, துணைக்கு ஆள் என்று சிக்கல் வந்தால் உங்கள் கிளைச் செயலாளரிடம் பேசுங்கள். காரணத்தை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை. "பிள்ளை விஷயமா போலீசுக்குப் போகணும்" என்றால் போதும்.

வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருடைய போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. "யாரு மெரட்டுனாலும் என்கிட்ட சொல்லு, நான் ஏசமாட்டேன்" என்று இன்றைக்கே ஒருமுறை சொல்லி வையுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள்: தாலியான் காசே 15999, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். புலனத்தில் 019-2615999. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பிள்ளைக்கு வந்தால் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929. உடனடி ஆபத்து என்றால் 999.